லைன்மேன் என்ன செய்கிறார், அவர் வாழ்க்கை எப்படிப் போகும்?

கேள்வி இதுதான். வேலைக்காக அமெரிக்கா போன ஒருவர் அங்கே காலேஜ் ஃபுட்பால் பார்க்கத் தொடங்கியிருக்கிறார். ஒருவர் பந்தை எறிகிறார், இன்னொருவர் பிடித்துக்கொண்டு ஓடுகிறார், அதெல்லாம் புரிகிறது. நடுவில் மலை மாதிரி ஐந்து பேர் குனிந்து நின்று எதிராளியோடு முட்டிக்கொள்கிறார்களே, அந்த லைன்மேன்கள் உண்மையில் என்னதான் செய்கிறார்கள்? படிப்பு முடிந்த பிறகு அந்த உடம்பை வைத்துக்கொண்டு என்ன ஆகிறார்கள்?

லைன்மேன் என்றதும் நம் ஊரில் மின்கம்பத்தில் ஏறுகிறவர்தான் நினைவுக்கு வருவார். யோசித்துப் பார்த்தால் இரண்டு பேருக்கும் ஓர் ஒற்றுமை இருக்கிறது. கரண்ட் இருக்கும்வரை அவரை யாரும் நினைப்பதில்லை. போனதும்தான் 'லைன்மேன் எங்கேப்பா?' என்று தெருவே தேடும். இந்த லைன்மேனும் அப்படித்தான். ஒழுங்காக வேலை செய்தால் டிவியில் அவர் பெயர் வராது. தப்பு செய்தால் நடுவர் மைக்கைப் போட்டு, அவருடைய எண்ணைச் சொல்லி, ஒரு லட்சம் பேர் முன்னால் அறிவிப்பார்.

பென்சில்வேனியாவில் ஆராய்ச்சி மாணவனாக இருந்த காலத்தில்தான் எனக்கு இந்த ஆட்டம் அறிமுகம். பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் பீவர் ஸ்டேடியத்தில் ஒரு லட்சத்துக்கு மேல் ஆட்கள் உட்கார்வார்கள். அந்த ஊரில் நிரந்தரமாகக் குடியிருப்பவர்களைவிட அது பல மடங்கு. முதல் இரண்டு ஆட்டங்களில் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. கூட வந்த லேப் நண்பன், பள்ளிக்கூட ஃபுட்பால் கோச்சின் மகன், சலித்துப்போய்ச் சொன்னான்: "பந்தைப் பார்க்காதே. 64ஆம் எண்ணைப் பார்." அந்த 64 தான் ஜான் அர்ஷெல். உங்கள் கேள்விக்கு அவரை வைத்தே பதில் சொல்கிறேன். அவர் சராசரி லைன்மேன் கிடையாது என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். ஆனால் ஒரு லைன்மேன் கடக்க வேண்டிய எல்லாக் கட்டங்களும் அவர் வாழ்க்கையில் தெளிவாகத் தெரியும்.

முதலில் வேலையைப் பார்ப்போம். களத்தில் ஓர் அணிக்கு 11 பேர். பந்து வைத்திருக்கும் அணி ஆஃபென்ஸ். அதில் நடுவில் நிற்பவர் சென்டர், அவருக்கு இரு பக்கமும் இரண்டு கார்டுகள், அதற்கும் வெளியே இரண்டு டேக்கிள்கள். இந்த ஐந்து பேர்தான் ஆஃபென்சிவ் லைன். எதிரில் மூன்று அல்லது நான்கு பேர் டிஃபென்சிவ் லைன். சென்டர் பந்தைத் தன் கால்களுக்கு நடுவே பின்னால் தருவது ஸ்னாப். அந்த நொடியில் எல்லாம் தொடங்கிவிடும். பந்தை எறியும் குவார்ட்டர்பேக்குக்கு மூன்று விநாடி கிடைத்தாலே பெரிது. அந்த மூன்று விநாடியைச் சம்பாதித்துக் கொடுப்பதுதான் இந்த ஐவரின் தொழில்.

இவர்களுக்கு உள்ள கட்டுப்பாடுகளைக் கேட்டால் பாவமாக இருக்கும். சட்டை எண் 50 முதல் 79க்குள்தான் இருக்க வேண்டும். முன்னோக்கி எறியப்படும் பந்தைப் பிடிக்க உரிமை இல்லை. பந்து எறியப்படுமுன் மூன்று கெஜத்துக்கு மேல் முன்னே போகக்கூடாது (கல்லூரி விதி இது, தொழில்முறை ஆட்டத்தில் ஒரு கெஜம்தான்). ஸ்னாப்புக்கு முன்னால் தோள் கொஞ்சம் துடித்தாலும் ஐந்து கெஜம் அபராதம். எதிராளியைப் பிடித்து இழுத்தால் ஹோல்டிங், பத்து கெஜம் போச்சு. கபடியோடு ஒப்பிட்டால் சட்டென்று புரியும். கபடியில் ரெய்டு வருகிறவரைப் பிடித்து அமுக்கினால் புள்ளி. இங்கே ஐவரும் களம் காக்கிறவர்கள் மாதிரி வரிசை கட்டி நிற்பார்கள், பாய்ந்து வருகிறவன் 130 கிலோ இருப்பான், ஆனால் பிடிக்கக்கூடாது. உள்ளங்கையால் மார்பில் தள்ளியும் கால் நகர்த்தியும் உடம்பால் மறித்தும்தான் நிறுத்த வேண்டும்.

பலம் மட்டும் போதும் என்று நினைக்காதீர்கள். யார் உடம்பைத் தாழ்த்தி, கையை எதிராளியின் கைகளுக்கு உள்பக்கமாக முதலில் கொண்டுபோகிறாரோ அவருக்குத்தான் பிடிமானம். இடுப்பு, கணுக்கால், பாதம் மூன்றும் ஒழுங்காக இல்லாவிட்டால் எத்தனை கிலோ தூக்கினாலும் பயனில்லை. அதற்குமேல் மூளை வேலை. ஸ்னாப்புக்கு முந்தைய சில விநாடிகளில் சென்டர் எதிரணி நிற்கும் விதத்தைப் பார்த்து, யார் யாரை மறிக்க வேண்டும் என்று கத்தி மாற்றுவார். பக்கத்திலிருக்கும் கார்டு அதைக் கேட்டுத் தன் கணக்கை மாற்ற வேண்டும். இரண்டு பேர் சேர்ந்து ஒருவனைத் தள்ளிவிட்டு, சரியான கணத்தில் ஒருவர் மட்டும் கழன்று, எதிரணி லைனுக்குப் பின்னால் நிற்கும் லைன்பேக்கரைப் போய் மறிப்பதை காம்போ பிளாக் என்பார்கள். எப்போது கழல்வது என்று இருவரும் பேசிக்கொள்ள நேரம் கிடையாது. நூறு முறை பழகியிருந்தால்தான் வரும். அதனால்தான் கோச்சுகள் ஐவரையும் ஒரே ஆளாகக் கணக்கிடுகிறார்கள். 2015 முதல் கொடுக்கப்படும் ஜோ மூர் விருதுகூடத் தனி ஆளுக்கு இல்லை, நாட்டின் சிறந்த லைன் முழுவதற்கும்தான்.

இந்தக் கட்டமைப்பு ஆட்டத்தோடு பிறந்ததல்ல. 1869இல் ரட்கர்ஸும் பிரின்ஸ்டனும் ஆடிய முதல் கல்லூரி ஆட்டம் கிட்டத்தட்ட நம் கால்பந்து மாதிரி இருந்தது. 1880 வாக்கில் யேல் பல்கலைக்கழகத்தின் வால்டர் கேம்ப் ஸ்னாப்பையும், இரண்டு அணிகளையும் பிரிக்கும் கோடு ஒன்றையும் கொண்டுவந்த பிறகுதான் லைன் என்று ஒன்று உருவானது. அப்புறம் ஆட்கள் கைகோத்து ஆப்பு வடிவில் மோத ஆரம்பித்து, 1905 சீசனில் மட்டும் பதினெட்டுக்குக் குறையாத சாவுகள். ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் கல்லூரிக்காரர்களைக் கூப்பிட்டுப் பேச வேண்டியதாயிற்று. மறு ஆண்டே முன்னோக்கி எறிவது அனுமதிக்கப்பட்டது, இரண்டு லைன்களுக்கும் இடையே இடைவெளி விதிக்கப்பட்டது, கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும், இன்று என்.சி.ஏ.ஏ. என்று அழைக்கப்படும் அமைப்பும் அப்போதுதான் பிறந்தது.

உடம்பும் அந்தக் காலத்தில் இப்படி இல்லை. 1936இல் ஃபோர்டாம் பல்கலைக்கழக லைனை 'ஏழு கருங்கற்கள்' என்று பத்திரிகைகள் புகழ்ந்தன. அதில் ரைட் கார்டாக நின்றவர் வின்ஸ் லொம்பார்டி. பின்னாளில் பெரிய கோச்சானார், தொழில்முறை ஆட்டத்தின் இறுதிப்போட்டியான சூப்பர் பௌலின் கோப்பைக்கே அவர் பெயர் வைத்தார்கள். அந்தக் கருங்கல்லின் எடை 82 கிலோ சொச்சம். அதே ரைட் கார்டு இடத்தில் நான் பார்த்த அர்ஷெல் 6 அடி 3 அங்குலம், ஏறக்குறைய 140 கிலோ.

சரி, அர்ஷெலுக்கு வருகிறேன். 1991இல் கனடாவின் வின்னிபெக்கில் பிறந்தவர். அப்பா நெஞ்சறுவை மருத்துவர். அம்மா நர்ஸாக இருந்து பின்னர் சட்டம் படித்து வழக்கறிஞரானவர். பெற்றோர் பிரிந்த பிறகு அம்மாவோடு நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ நகரில் வளர்ந்தார். அம்மா புதிர்ப் புத்தகங்களாக வாங்கிக் கொடுத்தார், பையன் தீர்த்துக்கொண்டே இருந்தான். கனீஷியஸ் என்ற ஜெசூயிட் பள்ளியில் படித்தபடி ஃபுட்பால் ஆடினார். நாடறிந்த பள்ளி நட்சத்திரம் எல்லாம் இல்லை. அம்மாவுக்குப் பையன் மாசச்சூசெட்ஸில் உள்ள எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்துக்குப் போக வேண்டும் என்று ஆசை. பையன் 2009இல் பென் ஸ்டேட்டைத் தேர்ந்தெடுத்தார்.

இங்கே ஸ்காலர்ஷிப் கணக்கைச் சொல்ல வேண்டும். போட்டியின் மேல்பிரிவில் ஆடும் ஒரு பல்கலைக்கழகம் அந்த நாளில் 85 பேருக்கு முழு ஸ்காலர்ஷிப் கொடுக்கலாம். படிப்பு, தங்குமிடம், சாப்பாடு எல்லாம் அதில் அடக்கம். பதிலுக்கு உடம்பையும் நேரத்தையும் எழுதிக் கொடுத்துவிட வேண்டும். சில பேர் ஸ்காலர்ஷிப் இல்லாமலே வந்து சேர்ந்து ஆடுவார்கள். அவர்களை வாக்-ஆன் என்பார்கள்.

லைன்மேனுக்கு முதல் வருடம் பெரும்பாலும் களம் கிடையாது. ரெட்ஷர்ட் என்று ஓரமாக உட்காரவைத்துவிடுவார்கள். ஐந்து வருடத்தில் நான்கு சீசன் ஆடலாம் என்ற விதியை வைத்துக்கொண்டு, முதல் வருடத்தைச் சமையலறைக்கும் ஜிம்முக்கும் கொடுத்துவிடுவது. குவார்ட்டர்பேக்கோ, அவர் எறிவதைப் பிடிக்கும் ரிசீவரோ 18 வயதில் வந்து நேராக ஆடலாம். ஆனால் 18 வயதுப் பையனின் முதுகும் தொடையும் 22 வயதுக்காரன் முன்னால் நிற்காது. எனவே சாப்பிட வேண்டும். ஒரு நாளுக்கு ஐயாயிரம், ஆறாயிரம் கலோரி. பசிக்குச் சாப்பிடுவது என்பது மாறி, சாப்பிடுவதே ஒரு பயிற்சியாகிவிடும். என்னோடு ஒரு பாடத்தில் உட்கார்ந்த ரெட்ஷர்ட் பையன் ஒருவன் வகுப்புக்கு நடுவில் டப்பாவைத் திறந்து கோழியும் சோறுமாகத் தின்பான். ஆசிரியர் ஒன்றும் சொல்ல மாட்டார். ஒருநாள் கேட்டேன், ருசியாக இருக்கிறதா என்று. "ருசி போய் ஆறு மாசமாச்சு" என்றான்.

அர்ஷெலும் 2009ஐ ரெட்ஷர்ட்டாகக் கழித்தார். மற்றவர்கள் அந்த வருடத்தில் எடையைக் கூட்டினார்கள் என்றால் இவர் எடையோடு கணிதப் பாடங்களையும் சேர்த்துக் கூட்டிக்கொண்டார். மூன்றே வருடத்தில், 2012இல், கணிதத்தில் இளநிலைப் பட்டம். 2013இல் முதுநிலைப் பட்டம். எல்லாப் பாடத்திலும் முழு மதிப்பெண். அப்புறம் கணிதக் கல்வியில் இன்னொரு முதுநிலைப் படிப்பில் சேர்ந்தார். இடையில் சூரியன், வியாழன், ஒரு சிறுகோள் என்ற மூன்று பொருள்களின் இயக்கம் பற்றி ஒரு ஆய்வுக் கட்டுரை எழுதிய இருவரில் ஒருவர். 2013இல் இளநிலை மாணவர்களுக்கு வகுப்பும் எடுத்தார்: வசந்தத்தில் கோணவியலும் பகுமுறை வடிவியலும், இலையுதிர் பருவத்தில் வெக்டர் கால்குலஸ். அந்த இலையுதிர் பருவம்தான் ஃபுட்பால் சீசன் என்பதைக் கவனியுங்கள்.

இது எவ்வளவு பெரிய விஷயம் என்று புரிய, ஒரு லைன்மேனின் வாரம் எப்படியிருக்கும் என்று தெரிய வேண்டும். சீசனில் வாரத்துக்கு 20 மணி நேரத்துக்கு மேல் அணி வேலை வாங்கக்கூடாது என்பது விதி. ஆனால் அந்த இருபதில் சேராத நேரங்கள் நிறைய: பிசியோவிடம் போவது, கட்டுப்போடுவது, பயணம், 'விருப்பப்பட்டால் வரலாம்' என்ற பெயரில் நடக்கும் எடைப் பயிற்சி. ஞாயிற்றுக்கிழமை நேற்றைய ஆட்டத்தின் வீடியோவைப் போட்டு, ஒவ்வொரு ஸ்னாப்பிலும் உன் பாதம் எங்கே போனது என்று கோச் நிறுத்தி நிறுத்திக் காட்டுவார். பந்தை எறிந்தவருக்குக் கைத்தட்டல் கிடைத்த அதே ஸ்னாப்பில் உங்களுக்குக் கழித்தல் மதிப்பெண் விழுந்திருக்கும். வார நடுவில் முட்டி மோதும் பயிற்சி. விரல் மூட்டுகள் எப்போதும் வீங்கியே இருக்கும். நான் கைகுலுக்கிய லைன்மேன்கள் எல்லோருக்கும் ஒரு விரலாவது வளைந்திருந்தது.

அர்ஷெல் பென் ஸ்டேட்டில் இருந்த காலம் வேறு விதத்திலும் கடினமானது. முன்னாள் துணைக் கோச் ஒருவர் சிறுவர்களிடம் செய்த குற்றங்கள் 2011 நவம்பரில் வெளியாகி, பல்லாண்டுகள் தலைமைக் கோச்சாக இருந்த ஜோ பட்டெர்னோ நீக்கப்பட்டார். 2012 ஜூலையில் என்.சி.ஏ.ஏ. தண்டனை விதித்தது. ஆறு கோடி டாலர் அபராதம், நான்கு வருடம் சீசன் முடிவில் ஆடும் பௌல் ஆட்டங்களுக்குத் தடை, ஸ்காலர்ஷிப் குறைப்பு. அதோடு, விரும்பும் வீரர்கள் உடனே வேறு கல்லூரிக்குப் போய் ஆடலாம் என்ற அனுமதி. அதாவது அணியைக் கலைத்துக்கொள்ளலாம் என்று சொல்லாமல் சொன்னார்கள். முக்கியமான சிலர் போனார்கள். அர்ஷெல் இருந்தார். புதுக் கோச் பில் ஓ'பிரையனின் கீழ் அந்த அணி 2012இல் 8 ஆட்டம் வென்று 4 தோற்றது. என் கணக்கில் அதுதான் அந்தத் தலைமுறையின் உண்மையான சாதனை. ஆனால் இதில் நான் நடுநிலையானவன் இல்லை, அந்த ஊர்க்காரன்.

2013 அக்டோபரில் மிச்சிகன் அணியோடு நடந்த ஆட்டத்தைப் பார்த்தேன். நான்கு ஓவர்டைம், 43க்கு 40 என்று பென் ஸ்டேட் வென்றது. அதை இன்று யாரிடம் கேட்டாலும் கடைசி நிமிடத்தில் ஆலன் ராபின்சன் எகிறிப் பிடித்த பந்தைத்தான் சொல்வார்கள். அது கோல் கோட்டுக்கு ஒரு கெஜம் மிச்சம் வைத்துவிட்டது. அதன்பின் முதலாமாண்டு குவார்ட்டர்பேக் கிறிஸ்டியன் ஹேக்கன்பெர்க் பந்தோடு உள்ளே நுழைந்தார். நான்காவது ஓவர்டைமில் பில் பெல்டன் இரண்டு கெஜம் ஓடி ஆட்டத்தை முடித்தார். ஒரு கெஜம், இரண்டு கெஜம் என்பதெல்லாம் யார் இடித்துத் திறந்த வழி என்று யாரும் கேட்பதில்லை. எனக்கும் அன்று தெரியாது, 64ஐப் பார்க்க மறந்து பந்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

விருதுகளிலும் இதே கதைதான். கல்லூரி ஆட்டத்தின் பெரிய பரிசு ஹைஸ்மன் டிராஃபி, 1935 முதல் கொடுக்கிறார்கள். ஆஃபென்சிவ் லைன்மேன் ஒருவருக்குக்கூட அது கிடைத்ததில்லை. மிக அருகில் வந்தவர் ஒஹாயோ ஸ்டேட் டேக்கிள் ஜான் ஹிக்ஸ், 1973இல் இரண்டாமிடம். முதலிடம் போனது பென் ஸ்டேட்டின் ரன்னிங் பேக்குக்கு, அதாவது பந்தை வாங்கிக்கொண்டு ஓடுகிறவருக்கு. 1996இல் ஒர்லாண்டோ பேஸ் என்ற இன்னொரு ஒஹாயோ ஸ்டேட் டேக்கிள், எதிராளிகளைத் தோசை மாதிரித் தரையில் மல்லாத்துவதில் பேர் போனவர் (அங்கே அதைப் பேன்கேக் என்பார்கள்), அவருக்கே நான்காமிடம்தான். லைன்மேன்களுக்கென்று 1946 முதல் அவுட்லாண்ட் டிராஃபி தனியாக உண்டு. அர்ஷெலுக்கு 2013இல் கிடைத்தவை வேறு மாதிரியானவை: படிப்பையும் ஆட்டத்தையும் சேர்த்துப் பார்த்துக் கொடுக்கும் கேம்ப்பெல் டிராஃபி, எல்லா விளையாட்டிலுமாகச் சிறந்த அமெச்சூர் ஒருவருக்குக் கொடுக்கும் சல்லிவன் விருது.

அடுத்த கட்டம் தொழில்முறை. தொழில்முறை அணிகள் வருடந்தோறும் கல்லூரி வீரர்களைத் தேர்ந்தெடுப்பது டிராஃப்ட். அதற்குத் தகுதி பெறும் வீரர்களில் தேர்வாகிறவர்கள் 1.6 சதவீதம் அளவுதான் என்று என்.சி.ஏ.ஏ.வே சொல்கிறது. 32 அணிகள், ஏழு சுற்றுகள், சுமார் 250 பேர், அவ்வளவுதான். அதற்கு முன் இண்டியானாபொலிஸில் ஒரு 'சந்தை' நடக்கும். கம்பைன் என்று பெயர். உயரம், எடை, கை நீளம், உள்ளங்கை அகலம் எல்லாம் அளந்து, 102 கிலோ கம்பியை எத்தனை முறை தூக்குகிறார், 40 கெஜத்தை எத்தனை விநாடியில் ஓடுகிறார் என்று குறிப்பார்கள். மாட்டுச்சந்தையில் பல் பார்ப்பது நினைவுக்கு வரும். அர்ஷெலை 2014இல் பால்டிமோர் ரேவன்ஸ் ஐந்தாம் சுற்றில், 175ஆவது ஆளாக எடுத்தது. மூன்று சீசன் ஆடினார். 40 ஆட்டங்கள், அதில் 13இல் தொடக்கத்திலேயே களமிறங்கினார். பெரிய நட்சத்திரமும் இல்லை, வீணும் இல்லை. சம்பளம் லட்சக்கணக்கான டாலரில் வந்தபோதும் வருடத்துக்கு 25,000 டாலருக்குள் வாழ்ந்து, பழைய நிசான் வெர்சா காரை ஓட்டிக்கொண்டிருந்தார் என்பது அப்போது செய்தியானது. லைன்மேன்களில் விவரமானவர்கள் பலரும் இப்படித்தான், இந்த வருமானம் எந்த முழங்காலோடு முடியும் என்று யாருக்கும் தெரியாது.

2015 ஆகஸ்ட் பயிற்சியில் அவருக்குத் தலையில் அடிபட்டு மூளை அதிர்ச்சி. கொஞ்ச நாளில் மறுபடி களத்துக்கு வந்துவிட்டார். ஆனால் உயர்கணிதம் பழையபடி வர இன்னும் நாள் பிடித்தது என்று அவரே சொல்லியிருக்கிறார். அதன் பிறகும் ஆடினார். அந்த மோதலை நேசிக்கிறேன் என்று வெளிப்படையாகவே எழுதியவர் அவர். 2016இல் எம்.ஐ.டி.யில் முனைவர் படிப்பில் சேர்ந்தார். சீசன் இல்லாதபோது கணிதம், சீசனில் ஆட்டம்.

2017 ஜூலை 25 அன்று பாஸ்டன் பல்கலைக்கழகத்தின் ஆன் மெக்கீ குழு ஓர் ஆய்வை வெளியிட்டது. இறந்த வீரர்களின், தானமாக வந்த மூளைகளைப் பரிசோதித்ததில், தொழில்முறை லீகான என்.எஃப்.எல்.லில் ஆடிய 111 பேரில் 110 பேருக்கு சி.டி.இ. என்ற மூளைச் சிதைவு நோய். கல்லூரிவரை ஆடிய 53 பேரில் 48 பேருக்கு. இந்த எண்ணை அப்படியே எடுத்துக்கொண்டு 'நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது' என்று பயமுறுத்துகிறவர்களை நம்ப வேண்டாம். ஏற்கெனவே அறிகுறி கண்ட குடும்பங்கள்தான் பெரும்பாலும் மூளையைத் தானம் செய்கின்றன, ஆகவே இது எல்லா வீரர்களுக்குமான விகிதம் ஆகாது. ஆனாலும் லைன்மேனுக்கு இது தனிக் கவலை. ஓடுகிறவனுக்கு எப்போதாவது பெரிய அடி விழும். லைன்மேனுக்கு ஒவ்வொரு ஸ்னாப்பிலும் சின்ன அடி. ஹெல்மெட்டில் சென்சார் பொருத்தி அளந்த ஆய்வுகளில் மோதல்களின் எண்ணிக்கை லைன்மேன்களுக்குத்தான் அதிகமாக வந்திருக்கிறது.

இரண்டு நாள் கழித்து, 26 வயதில், அர்ஷெல் ஓய்வை அறிவித்தார். ஆய்வைப் பார்த்துப் பயந்து ஓடினார் என்று பலர் எழுதினார்கள். அது மட்டுமே காரணமில்லை என்று அவர் சொன்னார். முனைவர் படிப்பை முழு நேரமாகத் தொடரும் ஆசை இருந்தது, முதல் குழந்தை வரவிருந்தது. 2021இல் பட்டம் பெற்றார். 2023 முதல் எம்.ஐ.டி.யிலேயே உதவிப் பேராசிரியர். மேட்ரிக்ஸ்கள், கிராஃப்கள், கணினிக் கணக்கீடு அவருடைய துறை. நாம் பள்ளியில் சமன்பாடுகளைத் தீர்க்கச் செய்யும் காஸ் நீக்கல் முறை இருக்கிறதே, அதில் கணக்கு போகப்போக எண்கள் எவ்வளவு பெரிதாக ஊதலாம் என்ற பழைய கேள்வியில் ஆலன் எடல்மனோடு சேர்ந்து புது முடிவுகள் கண்டிருக்கிறார். அம்மாவின் ஆசையும் ஒரு சுற்று சுற்றி நிறைவேறியது.

எல்லோரும் அர்ஷெல் ஆக முடியாதுதான். ஆனால் லைன்மேன்களில் இப்படி ஒரு வகை பழைய காலத்திலிருந்தே உண்டு. ஜெரால்ட் ஃபோர்ட் 1934இல் மிச்சிகன் அணியின் சென்டர். கிரீன் பே, டெட்ராய்ட் இரண்டு அணிகளும் கூப்பிட்டும் போகாமல் யேலில் கோச்சாகச் சேர்ந்து அங்கேயே சட்டம் படித்தார். பிறகு நாட்டின் ஜனாதிபதியானார். டிஃபென்சிவ் லைன் பக்கம் எனக்கு மிகவும் பிடித்தவர் ஆலன் பேஜ். ஒஹாயோவின் கேன்டன் ஊர்க்காரர். இளம் வயதில் அந்த ஊரில் ஃபுட்பால் ஹால் ஆஃப் ஃபேம் கட்டடம் எழும்பியபோது அதில் கட்டுமான வேலை செய்தார், பின்னாளில் அதே கட்டடத்தில் அவருக்குச் சிலை வைத்தார்கள். நோட்டர் டேமில் ஆடி, மின்னசோட்டா வைக்கிங்ஸில் 1971இல் லீகின் சிறந்த வீரராகி, ஆடிக்கொண்டே சட்டப் பட்டம் 1978இல் வாங்கி, 1993 முதல் 2015 வரை மின்னசோட்டா உச்ச நீதிமன்ற நீதிபதி. நடுவில் மாரத்தான் ஓட ஆரம்பித்து உடம்பைக் கரைத்துவிட்டார்.

உடம்பைக் கரைப்பது என்றேனே, அதுதான் உங்கள் கேள்வியின் கடைசிப் பகுதி. 140 கிலோ உடம்பு ஒரு வேலைக்கான கருவி. வேலை போனதும் அதே உடம்பு சுமை. இரத்த அழுத்தம், தூக்கத்தில் மூச்சுத் திணறல், முழங்கால் தேய்மானம் எல்லாம் வரிசையாக வரும். விஸ்கான்சினில் ஆடி கிளீவ்லாண்ட் போன ஜோ தாமஸ் தொழில்முறை ஆட்டத்தில் 10,363 ஸ்னாப்களை ஒன்றுகூடத் தவறாமல் ஆடியவர். ஓய்வு பெற்ற ஒரே வருடத்துக்குள் இருபது கிலோவுக்கு மேல் இறக்கி, பழைய படத்தையும் புதுப் படத்தையும் பக்கத்தில் வைத்தால் அண்ணன் தம்பி போல இருந்தார். அவருக்கு வசதியும் வைத்தியரும் உண்டு. கல்லூரியோடு நின்றுபோகும், நூற்றில் தொண்ணூற்றெட்டு பேருக்கு 22 வயதில் சமையல்காரரும் ஜிம் கோச்சும் ஒரே நாளில் இல்லாமல் போவார்கள், பசி மட்டும் கூடவே வரும்.

ஆடும்போதே உடம்பு காட்டிக்கொடுப்பதும் உண்டு. 2018 மே மாதம் மேரிலாண்ட் பல்கலைக்கழகத்தின் 19 வயது லைன்மேன் ஜோர்டன் மெக்நேர் ஓட்டப் பயிற்சியில் வெப்பத் தாக்குதலுக்கு ஆளாகி இரண்டு வாரத்தில் இறந்தார். உடனே குளிர்ந்த நீர்த்தொட்டியில் இறக்கியிருக்க வேண்டும், அது நடக்கவில்லை. பல்கலைக்கழகம் பொறுப்பை ஏற்றது. பெரிய உடம்பு சூட்டைச் சீக்கிரம் வெளியேற்றாது. இப்போது கட்டுப்பாடுகள் கூடியிருக்கின்றன. ஒரே நாளில் இரண்டு முறை மோதல் பயிற்சி வைப்பதை 2017லேயே தடை செய்துவிட்டார்கள்.

பணமும் மாறிவிட்டது. 2021 ஜூலை முதல் மாணவ வீரர்கள் தங்கள் பெயரையும் முகத்தையும் வைத்து விளம்பரத்தில் சம்பாதிக்கலாம். 2025இல் ஒரு வழக்குத் தீர்வுக்குப் பிறகு பல்கலைக்கழகங்களே வீரர்களுக்கு நேரடியாகப் பணம் தரலாம், ஒரு பல்கலைக்கழகத்துக்கு முதல் வருட வரம்பு சுமார் 2 கோடியே 5 லட்சம் டாலர். 85 ஸ்காலர்ஷிப் என்ற பழைய கணக்கும் போய், அணிக்கு 105 பேர் என்ற வரம்பு வந்திருக்கிறது. அணி மாறுவதும் எளிதாகிவிட்டது. நல்லதுதான், நெடுநாள் சும்மா உழைத்தார்கள். ஒரு சின்ன வருத்தம் எனக்கு உண்டு: ஐந்து பேர் மூன்று வருடம் பக்கத்துப் பக்கத்தில் நின்று, பேசாமலே புரிந்துகொள்ளும் அந்த லைன்கள் இனிக் குறையும்.

அடுத்த சனிக்கிழமை பார்க்கும்போது ஒன்று செய்து பாருங்கள். ஸ்னாப் ஆனதும் முதல் விநாடி குவார்ட்டர்பேக்கை விட்டுவிட்டு சென்டருக்கு இரு பக்கமும் உள்ள கார்டுகளைப் பாருங்கள். இருவரும் நிமிர்ந்து பின்வாங்கினால் பந்து எறியப்போகிறார்கள். முன்னே பாய்ந்தால் ஓடப்போகிறார்கள். ஒரு கார்டு மட்டும் வரிசையிலிருந்து கழன்று பக்கவாட்டில் ஓடினால், பெரும்பாலும் பந்து அவர் பின்னாலேயே வரும். இரண்டு ஆட்டம் இப்படிப் பார்த்தால் பக்கத்து சீட்டுக்காரருக்கு முன்னால் உங்களுக்குத் தெரிந்துவிடும்.